ரத்தம் சொட்டாத பிளேடு

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதற்குப் பரிசாக, மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, பூச்சிமருந்தை எத்தனை மூடி ஊற்ற வேண்டும், பேங்க்கிலிருந்து வந்த மெசேஜ் நிஜமா ஏமாற்று வேலையா என்று சொந்தபந்தம் முழுக்கப் படித்துச் சொல்லும் வேலை எனக்குக் கிடைத்தது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை என் அக்கா புருஷன் செல்லதுரை, மானை அடிக்க எந்த பிளேடு நல்லது என்று படித்துச் சொல்லச் சொன்னார்.

"கோழி அடிக்கிறோம், வா" என்று அக்கா கூப்பிட்டுத்தான் போயிருந்தேன். செந்துறையிலிருந்து அரியலூர், அங்கிருந்து பெரம்பலூர், அப்புறம் குரும்பலூர். மூன்று பஸ் மாறிப் போய் உட்கார்ந்ததும் மாமா கட்டிலுக்கடியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இழுத்துப் போட்டார். உள்ளே கறுப்பாக ஒரு குறுக்குவில். துப்பாக்கிக் கட்டையின் மேல் வில்லைப் படுக்கவைத்துப் பூட்டிய மாதிரி இருந்தது. கூடவே குட்டையான அம்புகள். நுனியெல்லாம் மொட்டை. பலகையில் அடித்துப் பழகத்தான் அது ஆகும்.

பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டில் என் பெயர் இருந்தது. முத்தமிழ், சிங்காரவேலு மகள். கீழே என் போன் நம்பர்.

அக்கா வீட்டு மிக்ஸி ஜாரிலிருந்து மாமாவின் லாரி சீட் கவர் வரைக்கும் என் கணக்கில்தான் ஆப்பில் வாங்குவார்கள். போன மாதம் ஒரு நாள் மாமா போன் பண்ணி, "ஒரு சாமான் போட்டிருக்கேன், நம்பர் வரும், சொல்லு" என்றார். சொன்னேன். என்ன சாமான் என்று கேட்கவில்லை. எதைத்தான் கேட்டிருக்கிறேன்.

"மாமா, நான் எந்த வேலைக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்னு தெரியும்ல?"

"தெரியாம என்ன? ஃபாரஸ்ட்டு. கொழுந்தியா ஃபாரஸ்ட்டுல இருக்கைல என்னை எவன் புடிப்பான்?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். வனக்காப்பாளர் தேர்வு எழுதி, நடைத் தேர்வில் கால் கொப்புளித்து, சான்றிதழ் எல்லாம் காட்டி முடித்து, போலீஸ் விசாரணைக்காக உட்கார்ந்திருந்தேன். என் பெயரில் ஒரு கேஸ் விழுந்தால் அத்தனையும் போச்சு. அதிலும் மான் கேஸ்.

"சோளத்துல கால்வாசியை மான் தின்னுடுச்சு. யாரு வந்து கேட்டா?" என்றார். அது பொய்யில்லை. காட்டோரத்தில் அவர் கொல்லையை நானே பார்த்திருக்கிறேன். கதிர் பிடித்த தட்டையெல்லாம் மடங்கிக் கிடந்தது. ஆனால் வில் வந்தது சோளத்துக்காக இல்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அங்கே லோடு பிரித்துக் கொடுக்கும் காண்ட்ராக்டர் தீபாவளிக்கு மான்கறி கேட்டிருக்கிறார். அக்கா முன்னாலேயே போனில் சொல்லியிருந்தாள்.

"நான் போட மாட்டேன் மாமா."

அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம் நின்றது. என் அக்கா ஜெயசித்ரா வாசற்படிக்கு வந்து நின்றாள். இரண்டு தடவை மாமாவால் பையோடு எங்கள் ஊர் பஸ்ஸில் ஏற்றிவிடப்பட்டவள். முதல் தடவை எதற்கென்று இன்றைக்கு அவளுக்கே நினைவில்லை.

"படிச்சு சொல்லேன்டி. வாய் தேஞ்சா போயிடும்?"

மாமா சிரித்தார். "வுடு. இஷ்டம் இல்லன்னா வேணாம். இந்த மொட்டை அம்பாலயே அடிக்கிறேன். பட்டுட்டு ஓடும். எங்கயாச்சும் போயி வுழும். ஃபாரஸ்ட்டுக்காரன் அம்பை எடுப்பான், அம்பு எங்கேருந்து வந்துச்சுன்னு தேடுவான்." பெட்டியின் சீட்டை விரலால் ஒரு தட்டு தட்டினார். "அப்பறம் அவன் பாடு, உன் பாடு."

அவர் நீட்டிய போனை வாங்கினேன்.

ஒரு அமெரிக்காக்காரன் எழுதியிருந்தான். மான் வேட்டைக்கு அம்பு முனை தேர்ந்தெடுப்பது எப்படி என்று கல்யாணப் புடவை எடுக்கிற மாதிரி அலசியிருந்தான். மொத்தம் இரண்டு வகை. ஒன்றில் பிளேடு எப்போதும் நீட்டிக்கொண்டே இருக்கும். இன்னொன்றில் பறக்கும்போது மடங்கியிருந்து, உடம்பில் பட்டதும் விரியும்.

"கொடை மாதிரியா?" என்றார் மாமா. "அது நல்லாருக்கே."

"விரியறதுக்கே பாதி வேகம் போயிடும்னு போட்டிருக்கு. வில்லுக்கு பலம் வேணும்."

"எடை என்ன போட்டிருக்கான்?"

"நூறு கிரெய்ன். ஆறரை கிராம் வரும். ஒரு பவுனுக்குக் கொஞ்சம் கம்மி."

"ஒரு பவுனு கூட இல்லியா? அதுல மான் சாவுமா?"

"நெஞ்சுல பட்டா சாவும்."

கீழே தள்ளிக்கொண்டே போனேன். அந்த ஆள் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் சொன்னான். வெட்டு அகலமாக இருக்க வேண்டும், ரத்தம் நிறையக் கொட்ட வேண்டும், அப்போதுதான் ஓடிய மானை ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் எடுக்கலாம். ஒவ்வொரு பிளேடுக்கும் ரத்தம் எவ்வளவு கொட்டும் என்று நட்சத்திரம் கொடுத்திருந்தான். அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

மாமா முகம் மாறியது. "ரத்தம் கொட்டுனா எப்படி? காட்டுலேருந்து நம்ம வூடு வரைக்கும் கோலம் போட்டாப்ல வருமே. ரத்தம் சொட்டாத பிளேடா பாரு."

"அப்படி ஒண்ணு இன்னும் கண்டுபுடிக்கல மாமா."

"நல்லா தேடிப் பாரு. இவ்ளோ படிச்சிருக்கே."

அக்கா உள்ளேயிருந்து களுக்கென்று சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினாள்.

வில்லின் பக்கவாட்டில் அதன் பலத்தை அச்சடித்திருந்தார்கள். அமெரிக்காக்காரன் சொன்ன கணக்கில் அது சின்ன வில். விரியும் பிளேடு அதற்கு ஆகாது. நீட்டிக்கொண்டிருக்கும் வகை, மூன்று பிளேடு, நூறு கிரெய்ன். சரியான விடை இதுதான். தேர்வில் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன். எதைக் கொடுத்தாலும் ஒழுங்காகப் படித்து விடை கண்டுபிடித்துவிடுகிற என் புத்தியின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் மாமா மேல்கூட வரவில்லை.

அந்தப் பிளேடைக் கூடையில் போட்டேன். அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பணம் கட்டும் பக்கத்துக்குப் போகாமல், பழைய ஆர்டர்கள் இருக்கும் பக்கத்துக்குப் போனேன். குறுக்குவில்லைத் திருப்பி அனுப்ப இன்னும் இரண்டு நாள் கெடு இருந்தது. காரணம் கேட்டது. 'தவறுதலாக வாங்கிவிட்டேன்' என்பதைத் தொட்டேன். பச்சையாக ஒரு டிக் விழுந்தது. மாமாவுக்கு ஆங்கிலம் வராது. பச்சை டிக் புரியும்.

"போட்டாச்சா?"

"செவ்வாக்கெழமை ஆள் வருவாங்க."

எனக்குக் கால் பீஸ் போடும்படி அக்காவிடம் சொன்னார். சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மாமா லோடுக்குப் போன பிறகு அக்கா போன் பண்ணினாள்.

"முத்து, ஒரு தம்பி வந்து நிக்குது. பார்சல் குடுக்க வரலியாம், எடுக்க வந்திருக்காம்."

"வில்லுப் பெட்டிய எடுத்துக் குடுத்துரு அக்கா. கோடு என் போனுக்கு வந்திருக்கு, நான் சொல்றேன்."

அந்தப் பையனை இருக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

"அப்ப பிளேடு போடலியா நீ?"

"இல்ல."

"அவருகிட்ட போட்டேன்னியே."

"ஆள் வருவாங்கன்னேன். வந்திருக்குல்ல."

"பெரிய சாமர்த்தியம்டி. சாயங்காலம் அவரு வந்தா வாங்கிக் கட்டிக்கப்போறது யாரு?"

வாசலில் அந்தப் பையன், "அக்கா, இன்னும் நாலு எடம் போவணும்க்கா" என்றான். பெட்டி அவளிடம் இருக்கிறது, கோடு என்னிடம் இருக்கிறது. அவள் கொடுக்காவிட்டால் 'வாடிக்கையாளர் தர மறுத்துவிட்டார்' என்று போட்டுக்கொண்டு போய்விடுவான். கெடு அன்றோடு முடிகிறது. அப்புறம் அந்த வில் எனக்கே எனக்கு.

"அக்கா, எனக்கு வேலை போயிடும்க்கா."

"உன் படிப்புக்கு முந்திரிக்கொட்டை ஒடைச்சுக் கை வெந்தது எனக்கு. பேரு போட்டு வந்த காகிதம் பூரா உனக்கு."

"அந்தக் காகிதத்தக் காப்பாத்தத்தான் கேக்குறேன்."

"நீ எங்க கேட்ட? போட்டு முடிச்சுட்டு இப்ப சொல்ற. அவரும் அப்படித்தான்."

போனை எங்கேயோ வைத்துவிட்டாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். பிறகு, சிமெண்ட் தரையில் பெட்டி தேய்ந்து வருகிற சத்தம் கேட்டது.

"தம்பி, இந்த அம்பையும் சேத்து எடுத்துக்க. ஒண்ணு கூட இங்க கெடக்கக் கூடாது." பிறகு என்னிடம், "கோடு சொல்லித் தொலை" என்றாள்.

சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் செந்துறை பஸ் ஸ்டாண்டில் அக்கா பையோடு இறங்கினாள். வலது கை மணிக்கட்டைத் முந்தானையால் சுற்றியிருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "வெயிலு" என்றாள். வீடு வரைக்கும் அவ்வளவுதான் பேச்சு. அப்பா அவளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாப்பிட்டார்.

அம்மா என்னிடம் பேசுவதை விட்டுவிட்டாள். நாலாம் நாள் பேசியபோது இப்படித்தான் பேசினாள்: "போனை எடு. அந்தச் சனியனை மறுபடி வாங்கிக் குடுத்துடு. பிளேடும் சேத்துப் போடு. தீபாவளிக்குள்ள அவ அவ வூட்டுல இருக்கணும்."

"அம்மா, மான் கேஸுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"இவ தெருவுல நிக்கிறது என்னன்னு தெரியும்."

சொல்லிவைத்த மாதிரி போன் ஒலித்தது. கூடையில் ஒரு பொருள் காத்திருக்கிறது என்று அந்த ஆப் தினமும் நினைவுபடுத்திக்கொண்டிருந்தது. அக்கா கை நீட்டி வாங்கிப் பார்த்தாள். மூன்று பிளேடும் பளபளவென்று இருந்தன.

"இதைத்தான் எடுத்து வெச்சியா?"

"ம்."

"நெஞ்சுல படாம வேற எங்கயாச்சும் பட்டா?"

"ஓடும். எங்கயாச்சும் கெடந்து மெதுவா சாவும்."

"எங்க தொட்டா அழியும்?"

காட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா அந்த இடத்தைத் தொட்டாள். கூடை காலி என்று வந்தது. அம்மா எழுந்து போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு விசாரணைக்கு வந்தார். நாற்காலி போட்டோம். என் மேல் ஏதாவது கேஸ் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மாவைப் பார்த்து, "பொண்ணு எப்படிம்மா?" என்றார்.

அம்மா நிதானமாக முந்தானையில் கையைத் துடைத்தாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. மாமாவின் பெயரும் வில்லும் அவள் நாக்கு நுனியில் இருந்ததை நான் பார்த்தேன்.

"வாய் சாஸ்தி" என்றாள்.

"ஃபாரஸ்ட்டுக்கு வாய் வேணும்மா" என்று ஏட்டு எழுதிக்கொண்டார். பேனாவால் அக்காவைக் காட்டினார். "இவங்க?"

"மூத்தது. தீபாவளிக்கு வந்திருக்கு" என்றாள் அம்மா அவசரமாக.

"இல்லங்க சார். இங்கதான் இருக்கேன்" என்றாள் அக்கா.

ஏட்டு இரண்டு பேரையும் பார்த்தார். "பேரு?"

"ஜெயசித்ரா."

எழுதினார். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார். ஆர்டர் எப்போது வரும் என்று கேட்டேன். "மாசக்கணக்குல ஆவும்மா. அதுவரைக்கும் இந்த அட்ரஸ்லயே இருங்க. மாறுனா விசாரணை திரும்ப முதல்லேருந்து வரும்."

அவர் போனதும் அம்மா கதவைச் சாத்தினாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பினார். அன்றுவரை கதவோரமாகவே இருந்த அக்காவின் பையை எங்கே வைப்பது என்று நானும் அவளும் பார்த்தோம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு அலமாரி. நான் என் புத்தகங்களை இறக்கிக் கீழே வைத்தேன். அவள் புடவைகளை அடுக்கினாள். ஒற்றைக் கையால் அடுக்கியதால் நேரமாகியது.