மாட்டிக்கொள்ளும் ஸ்பிரிங்

அப்பா அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை இரண்டு பிள்ளைகள் பெயருக்கும் சேர்த்து எழுதிவைத்துவிட்டுப் போனதுதான் வினை. அண்ணனும் தங்கையும் அதற்கு முன்பும் கொஞ்சிக் குலாவியவர்கள் இல்லை. ஆனால் முட்டிக்கொள்ள ஒரு பொருள் இல்லாமல் இருந்தது. இப்போது இரண்டே இருக்கையும் நீண்ட மூக்கும் முப்பத்தைந்து வயதுமாக ஒன்று கிடைத்துவிட்டது.

கார் நின்றது அண்ணன் வீட்டு ஷெட்டில். தங்கை ஞாயிறு காலைகளில் வந்து வேலை பார்ப்பாள். பல் செட் செய்யும் லேபில் இருபது வருஷமாக அச்சு எடுப்பவள் அவள். மயிரிழை பிசகினாலும் யாரோ ஒருவர் வாயில் குத்தும் என்று பழகிய கை. அண்ணன் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தின் பராமரிப்பைப் பார்ப்பவன். எது உடைந்தாலும் சாயங்காலத்துக்குள் ஓடவேண்டும், அதற்கு மேல் அவனுக்குக் கவலை கிடையாது.

காரில் தேயாத பாகம் இல்லை. கியர் கம்பி, வாளித் தண்ணீரில் விட்ட குச்சி மாதிரி எல்லாப் பக்கமும் ஆடியது. அதன் அடியில் கம்பியை ஆடாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையமான புஷ் தேய்ந்து பாதியாகியிருந்தது. புதிது எங்கும் கிடைக்கவில்லை. தங்கை தேய்ந்த இடத்தை மெழுகால் நிரப்பிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அச்சு எடுத்து, கெட்டிப் பிசினில் வார்த்தாள். மூன்று முறை உடைந்தது. நான்காவது கச்சிதமாக உட்கார்ந்தது. கியர் 'டக்'கென்று விழுந்தபோது அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் கியர் மறுபடி ஆடியது. சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தது. அவள் வார்த்த புஷ் குப்பைக் கூடையில் கிடந்தது. பல் செட் பசையை நம்பி வண்டி ஓட்ட முடியாது என்று அண்ணன் அண்ணியிடம் சொல்லியனுப்பினான், பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டே.

அன்றோடு பேச்சு நின்றது. டேப் பேச ஆரம்பித்தது. அவள் புஷ்ஷைத் துடைத்துத் திரும்ப மாட்டி, பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி 'கை வைக்காதே' என்று எழுதினாள். அண்ணன் தொங்கிய கதவுக்கு ரப்பர் செருப்பை வெட்டி முட்டுக்கொடுத்து 'இது என் வேலை' என்று ஒட்டினான். அவள் அதன் கீழே 'பார்த்தாலே தெரிகிறது' என்று எழுதினாள். அண்ணி துணி காயப்போட வருவாள், எல்லாவற்றையும் படிப்பாள், கூடையை எடுத்துக்கொண்டு போவாள்.

ஒரு ஞாயிறு தங்கை எஞ்சின் மூடியைத் திறந்தாள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அதைத் திரும்ப இழுத்து மூடுகிற ஸ்பிரிங்கைக் காணோம். ஏதோ கதவிலிருந்து கழற்றிய நீளமான ஸ்பிரிங் ஒன்றை அண்ணன் அந்த இடத்தில் மாட்டியிருந்தான். அவள் கையால் முழுக்க இழுத்துப் பார்த்தாள். கடைசிச் சுருள் பக்கத்துத் தகட்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டு அப்படியே நின்றது. விரலால் தட்டினாள், திரும்பியது. மறுபடி இழுத்தாள், மறுபடி மாட்டியது. சரியான அளவில் ஸ்பிரிங் அவள் பெட்டியிலேயே இருந்தது. பத்து நிமிஷ வேலை. ஆனால் மேலே டேப்: 'தொட்டால் நடப்பதே வேறு.'

மூடியைச் சாத்தினாள். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தாள். நடுவழியில் நிற்பான், நாலு பேர் சிரிப்பார்கள். அதற்கு மேல் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்க்க மனமில்லை என்பதுதான் நிஜம்.

புதன்கிழமை மாலை அண்ணன் அண்ணியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். ஒரு லாரியை முந்துவதற்காக அடிவரை மிதித்தான். காலை எடுத்த பிறகும் வண்டி சீறிக்கொண்டே போனது. பிரேக்கை அழுத்தியும் அடங்கவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கத் தோன்றுவதற்குள் ரவுண்டானா வந்துவிட்டது. கார் திண்டில் ஏறி விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அண்ணிக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. அவள் துணி தைத்துப் பிழைப்பவள்.

தங்கை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணன் கட்டிலருகே நின்றிருந்தான். மாதக்கணக்கில் பேசாதவன் வாயைத் திறந்தான்.

"உன் புஷ் உடைஞ்சதாலதான் இவ்வளவும். சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"புஷ் உடையல. ஸ்பிரிங் மாட்டிக்கிச்சு."

"நீ கூட வந்தியா?"

"போன ஞாயித்துக்கிழமையே பாத்தேன். ரெண்டு தடவ இழுத்தேன். ரெண்டு தடவையும் மாட்டுச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. அண்ணன் முகம் முதலில் வெளுத்தது. பிறகு பிடி கிடைத்தவனின் தெம்பு அதில் வந்தது.

"பாத்துட்டு மூடிட்டுப் போயிட்டியா? ஒரு போன் போட முடியல?"

"தொடாதேன்னு எழுதி ஒட்டினது யாரு?"

தூங்குகிறாள் என்று நினைத்த அண்ணி கண்ணைத் திறந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவரு கட்டினாரு. நீ பாத்தே. உங்க சண்டைக்கு நடுவுல உக்காந்திருந்தது நான். இந்நேரம் வரைக்கும் ரெண்டு பேரும் ஸ்பிரிங்கப் பத்தியும் புஷ்ஷப் பத்தியும்தான் பேசுறீங்க."

அண்ணி கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் நகர்த்தி வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தாள்.

"அந்த வண்டி இனி என் வீட்ல நிக்கக் கூடாது. நீயே எடுத்துட்டுப் போ. அதச் சாக்கு வெச்சு வீட்டுப் பக்கம் வராதே."

அண்ணன் தன் சாவியைக் கையில் கொடுக்கவில்லை, தரையில் போட்டான். அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

நசுங்கிய காரை லேபுக்குப் பின்னால் ஒரு கொட்டகைக்கு இழுத்துவந்தார்கள். சித்தப்பாவும் அத்தையும் போனில் வறுத்தெடுத்தார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை. முதல் வேலையாக அந்த ஸ்பிரிங்கை மாற்றினாள். மற்றதில் கை ஓடவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணியைக் கூப்பிட்டாள். கட்டுப் பிரித்தாயிற்று, ஆனால் கத்தரிக்கோலைப் பிடிக்க விரல் மடங்கவில்லை என்று சொல்லிவிட்டு அண்ணி போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரமே தங்கை ஒரு கத்தரிக்கோல் வாங்கி, அதன் பிடியை மடங்காத விரல்களுக்கு ஏற்ற மாதிரி தடிமனாகப் பிசினில் வார்த்துக் கூரியரில் அனுப்பினாள். பத்தாம் நாள் பார்சல் திரும்பி வந்தது. வேண்டாமென்று திருப்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே பிரித்தாள். அலகில் நீல நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. கூடவே துணி வெட்டும் காகிதத்தின் ஓரத்தில், இடது கையால் எழுதிய கோணல் எழுத்தில் ஒரு வரி: 'கட்டைவிரல் ஓட்டை பத்தாது. பெரிசாக்கு.'

நலமா என்றில்லை, பெயர்கூட இல்லை. அவள் மெழுகை உருக்க அடுப்பைப் பற்றவைத்தாள்.