உள்ளே இறங்க வேண்டியதில்லை

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. கனவில் உதித்தது, ரயிலில் போகும்போது தோன்றியது என்றெல்லாம் அளந்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் இது நான் எழுதிய ஒரே ஒரு சொல்லால் வந்த வினை.

கதை எழுதிப் பிழைக்க முடியாததால் மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். துணி துவைக்கும் மெஷின் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு குட்டிப் புத்தகம் இருக்குமே, நீங்கள் பிரிக்காமலேயே தூக்கிப் போடுவீர்களே, அதை எழுதுவது என்னைப் போன்றவர்கள். போன வருடம் ஒரு பழச்சாறு தொழிற்சாலை தன் பாதுகாப்பு விதிகளைத் தமிழில் கேட்டது. நாற்பது விதிகள். உயரத்தில் ஏறுகிறவருக்குச் சில, அமிலம் தொடுகிறவருக்குச் சில. பதினான்காவது விதி, தொட்டியைக் கழுவ ஒருவர் உள்ளே இறங்கும்போது அதன் வாயருகே காவல் நிற்கிறவருக்கு.

சாறு கெடாமல் இருக்கத் தொட்டியில் நைட்ரஜன் நிரப்பி வைப்பார்கள். அதில் மிச்சம் தங்கியிருந்தால் மணக்காது, எரியாது, மூச்சு முட்டாது. லேசாகத் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், ஆள் சாய்ந்துவிடுவார், அவ்வளவுதான். விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் அவர் பக்கத்திலேயே விழுவார். ஆகவே விதி சொல்வது: வெளியே நிற்பவர் எந்த நிலையிலும் உள்ளே இறங்கக் கூடாது.

நான் எழுதியது: "எந்த நிலையிலும் உள்ளே இறங்க வேண்டியதில்லை."

ஏனென்றால் புத்தகம் முழுக்க முப்பத்தொரு "கூடாது" போட்டாகிவிட்டது. நடையழகு கெடுகிறதே என்று ஒன்றை மாற்றினேன்.

2

புத்தகம் அச்சாகி மூன்று மாதம் கழித்து ஒரு போன் வந்தது. (பின்னட்டையில் "மொழிபெயர்ப்பில் ஐயம் இருப்பின் அழைக்க" என்று என் எண்ணைப் போடச் சொன்னவள் நானேதான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நிகர் கிடையாது.)

"மேடம், பதினாலாவதுல ஒரு சந்தேகம். நான்தான் தொட்டி வாசல்ல நிக்கிற ஆளு."

"சொல்லுங்க."

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார்.

"இறங்க வேண்டியதில்லைன்னு போட்டிருக்கு. அப்படின்னா இறங்கியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. ஆனா இறங்கினா தப்பும் இல்ல. அப்படித்தானே மேடம்?"

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "எழுதியிருக்கறபடி செய்யுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுப்பைத் துடைக்கும்போதுதான் அவர் கேட்டது உறைத்தது. அதே எண்ணுக்குத் திருப்பி அடித்தேன். வாட்ச்மேன் எடுத்தார். "இந்த போன்ல யார் வேணா வந்து பேசுவாங்கம்மா. எண்ணூறு பேர்ல யாருன்னு தேடுறது?" என்றார். பாதுகாப்பு அதிகாரி அதைவிட மேல். "அடுத்த பதிப்புல மாத்திடலாம் மேடம், நீங்க டென்ஷன் ஆகாதீங்க." திருத்தத்தைத் துண்டுச் சீட்டில் அடித்து எல்லாப் புத்தகத்திலும் ஒட்டுங்கள் என்று கெஞ்சினேன். பார்ப்பதாகச் சொன்னார். பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் குரல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. மத்தியானம் கண்ணயர்ந்தால் ஒரு பெரிய எஃகுத் தொட்டி வருகிறது. அதன் வாய்க்கு மேலே யாரோ நிற்கிறார். கையில் என் புத்தகம்.

3

முதல் வரிகளாக எழுதி அடித்தவை:

தொட்டிக்குள் இருள் ஒரு

அன்று காலை சங்கு ஊதியபோது அவருக்குத் தெரியாது, தான் (தெரியாது என்று ஆரம்பித்தாலே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. வேண்டாம்.)

இரண்டு சாப்பாட்டு டப்பாவையும் ஒரே பையில் போட்டு அக்கா தம்பியிடம் நீட்டினாள்.

இது நிற்கட்டும்.

4

தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பத்திரண்டு வயது. தொழிற்சாலையில் பட்டப்பெயர் சாவகாசம். சட்டைப் பொத்தானைக்கூட யோசித்துத்தான் போடுவார். எதையும் மூன்று தரம் வாசிப்பார். அந்தப் போன் குரலுக்கு நான் தைத்த சட்டை இது. அளவு சரியா என்று எனக்கே சந்தேகம்தான்.

உள்ளே இறங்குகிறவர் யார்? முதல் வரைவில் யாரோ ஒரு சக தொழிலாளி. அப்படியானால் சாவகாசம் பேசாமல் மணியடித்துவிட்டு நிற்பார், கதை அங்கேயே படுத்துவிடும். ஆகவே இறங்குகிறவரை அக்கா புருஷன் ஆக்கினேன். கேலியும் கிண்டலுமான மாமா. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். தினமும் பையை நீட்டும்போது அக்கா சொல்வாள்: "மாமா அவசரக் குடுக்கைடா. நீ கொஞ்சம் பாத்துக்கோ."*

* ஆபத்தான இடத்தில் ஒருவருக்கு அவர் சொந்தக்காரரையே காவல் வைக்கலாமா? நாற்பது விதிகளையும் திரும்பப் புரட்டினேன். இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

5

இனி கதை.

காலை பத்தரை. தொட்டியின் மேல்தளத்தில் வெயில் சதுரம் சதுரமாக விழுந்திருக்கிறது. மாமா இடுப்பில் கயிறு கட்டி இறங்கிவிட்டார். காற்றுச் சோதனைக் கருவியை வாயருகே மட்டும் காட்டிவிட்டு யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கீழேயிருந்து பழவாசனை வருகிறது, பழமே இல்லாத வாசனை. பிரஷ் தேய்க்கும் சத்தம் சுவரைச் சுற்றிக்கொண்டு மெல்ல மேலே ஏறுகிறது.

"மாமா, இருக்கீங்களா?"

"இல்லாம எங்கடா போயிடப் போறேன்?"

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்க வேண்டும் என்பது விதி. சாவகாசம் மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்கிறார்.

"மாப்ள, கயிறு கலக்குற தகட்டுல சுத்திக்கிச்சு. கழட்டிட்டு அந்தப் பக்கம் தேய்ச்சிட்டு வந்துடறேன்."

"கயிறைக் கழட்டக் கூடாது மாமா. பதினொண்ணாவது விதி."

"பதினொண்ணைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. ஒரே நிமிஷம்."

கொக்கி கழலும் சத்தம். மேலே, ஆளை இழுத்தெடுக்க வைத்திருக்கும் சுற்று உருளையில் கயிறு லேசாகிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து சிரிப்பு.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லடா. வீட்டுக்குப் போயிட்ட மாதிரி இருக்கு."

பிரஷ் விழுகிறது. அது உருண்டு உருண்டு நிற்க வெகுநேரம் ஆகிறது.

"மாமா?"

6

முடிவு அ: சாவகாசம் அபாய மணியை அடிக்கிறார், புத்தகத்தைப் புரட்டுகிறார், "வேண்டியதில்லை" என்று வாசிக்கிறார். வேண்டியதில்லைதான், ஆனால் இது நம்ம மாமா என்று இறங்குகிறார். ஏழு நிமிடத்தில் முதுகில் காற்று சிலிண்டரோடு மீட்புக் குழு வரும்போது இரண்டு பேர் கிடக்கிறார்கள். கொன்றது நான். இதை நான்கு தரம் எழுதினேன், நான்கு தரமும் எழுந்துபோய் முகம் கழுவினேன்.

முடிவு ஆ: கதைக்குள் நானே புகுந்து, அவர் கையிலிருக்கும் புத்தகத்தில் அந்தச் சொல்லை அடித்து "கூடாது" என்று திருத்திவிடுகிறேன். எழுதுகிறவளுக்கு இதுகூட முடியாதா? முடிந்தது. அவரும் வாசித்தார். மூன்று தரம் வாசித்தார். பிறகு புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் காலை உள்ளே விட்டார்.

இங்கேதான் ஆடிப்போனேன். என் தப்புக்குச் சப்பைக்கட்டுக் கட்டவில்லை. நான் எழுதியது தப்பு, அதில் மாற்றமில்லை. ஆனால் சரியான சொல்லை வைத்த பிறகும் இந்த மனுஷன் ஏன் இறங்குகிறார்?

முடிவு இ: அவர் இறங்கவில்லை. மணியை அடிக்கிறார், வாயருகே முட்டி போட்டு "மாமா மாமா" என்று கத்துகிறார், ஏழு நிமிடம் நிற்கிறார். ஒன்றும் செய்யாமல் நிற்பதைப் போலக் கடினமான வேலை அந்தத் தொழிற்சாலையிலேயே கிடையாது. மீட்புக் குழு மாமாவை வெளியே தூக்குகிறது. (பிழைத்தாரா? அதை எழுதினால், நின்றது சரியா தப்பா என்று நீங்கள் அதை வைத்தே முடிவு கட்டிவிடுவீர்கள்.) சாயங்காலம் சாவகாசம் வீட்டு வாசலில் நிற்கிறார். தோளில் இரண்டு டப்பாவும் இருக்கும் பை. அக்கா கதவைத் திறக்கிறாள்.

"நீ எங்கடா இருந்த?"

"மேல நின்னுட்டிருந்தேன்க்கா."

"பாத்துக்கிட்டு

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. முடிவு ஆ-வில் அவர் காலை உள்ளே விட்டதன் காரணம் இந்த வாக்கியம்தான். தொட்டி வாயில் நின்றபோதே அது அவர் காதில் விழுந்துவிட்டது.

7

அக்காவை எப்படிப் பேச வைப்பது என்று இரண்டு வாரம் யோசித்தேன். பெருந்தன்மையாகப் பேச வைத்தால் பொய் வாடை அடிக்கிறது. குத்திப் பேச வைத்தால் எந்தத் தம்பியும் எந்தத் தொட்டியின் மேலும் நிற்க மாட்டான். என்னால் ஆகவில்லை. நழுவுகிறாள் என்று நீங்கள் சொன்னால் வாங்கிக்கொள்கிறேன்.

ஆகையால் அக்கா நீங்கள். வீட்டில் இருக்கிறீர்கள். காலை பத்தே முக்கால். உங்களுக்கு இன்னும் யாரும் போன் செய்யவில்லை. உங்கள் புருஷன் தொட்டியின் அடியில் விழுந்து அரை நிமிடம் ஆகிறது. மணி அடித்தாயிற்று. உங்கள் தம்பியின் இடது கால் ஏணியின் முதல் படியில் இருக்கிறது, வலது கால் தளத்தில். விதி அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது உங்களை.

சாயங்காலம் என்ன சொல்லப்போகிறீர்களோ, அதை இப்போதே சொல்லிவிடுங்கள் அக்கா. அவர் இன்னும் வலது காலை எடுக்கவில்லை.