பட்டிக்குள் இருந்த தேதி

மூன்று பேர் டெண்டர் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு இலாகா ஜீப்பைக் கொடுத்து, நசுங்கிய முன் மட்கார்டைச் சரிசெய்து காட்டச் சொன்னது தேசிகனின் ஏற்பாடு. வாகனப் பிரிவு சூப்பரின்டெண்டென்ட் அவர். அவர் பரிந்துரைப்பவருக்குத்தான் நாற்பது வண்டிகளின் டிங்கரிங், பெயின்டிங் வேலை போகும்.

மூன்றாவது ஜீப் ஜோகுபாளையத்தில், ஆம்ப்ரோஸின் ஷெட்டில் நின்றது. வண்டி முழுக்கப் புதுப் பெயின்ட்.

"முழுசா அடிக்கச் சொல்லலையே?"

"ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு இருந்தா பார்க்க நல்லாவா சார் இருக்கும்? மேலால ஒரு கோட்டு. நம்ம செலவு."

கேட்காத வேலையை ஒருவன் எதற்குச் செய்வான்? தேசிகன் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். தகட்டில் ஒட்டும், பள்ளத்தை நிமிர்த்தாமல் பட்டி என்ற பசையை அப்பி மறைத்திருந்தால் நழுவிவிடும்.

"டாக்டர் கணக்கா வெச்சுப் பார்க்கிறீங்களே சார். ஜுரம் எவ்வளவு?"

தேசிகன் சிரிக்கவில்லை. மட்கார்டில் காந்தம் கெட்டியாக ஒட்டியது. அதோடு விட்டிருக்கலாம். விடாமல் பின்கதவிலும் வைத்தார். நழுவிக் கீழே விழுந்தது.

"இதுக்குத்தான் மேலால ஒரு கோட்டா?"

ஆம்ப்ரோஸின் முகம் கறுத்தது. உளியை எடுத்துக் கதவைச் சுரண்டினார். விரல் தடிமனுக்குப் பட்டி பெயர்ந்தது. அடியில் துருவேறிய ஓட்டை. அதில் அடைத்திருந்த கன்னடப் பேப்பர். பிரித்து நீட்டினார். ஆகஸ்ட் 1995.

"மூணு வருஷம் முந்தின பேப்பர் சார். என் கை வேலையா இது?"

தேசிகனுக்கு அந்த ஆகஸ்ட் தெரியும். பழைய கான்ட்ராக்டர் இதையும் சேர்த்துப் பதினோரு ஜீப்புகளை வேலை முடித்துத் திருப்பிக்கொண்டுவந்த மாதம். வண்டிகள் வந்த அன்று நல்ல மழை. யார்டில் இறங்கிப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, 'பரிசோதித்தேன், திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் தேசிகனேதான்.

பேப்பரை வாங்கித் தேதியையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் எங்கோ தகடு தட்டும் சத்தம் கேட்டது.

"யார் பாஸ் பண்ணாங்களோ" என்றார் ஆம்ப்ரோஸ், மெதுவாக. "எதுக்கு சார் வம்பு? மூடிடறேன். என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது."

அந்தக் கனிவுதான் தேசிகனைக் கலக்கியது. தெரிந்து சொல்கிறானா, தெரியாமலா? மூடச் சொன்னால் நாளைக்கு இவன் எதைப் பூசிக் கொண்டுவந்தாலும் வாய் திறக்க முடியாது. நல்லவனாகவே இருக்கட்டும், எத்தனை வருஷத்துக்கு நல்லவனாக இருப்பான்?

"மூடாதீங்க."

"சார்?"

"வண்டி இப்படியே ஆபீசுக்கு வரட்டும். பாஸ் பண்ணது நான்தான். மேலதிகாரிக்கு நானே எழுதித் தரேன்."

"அப்போ என் டெண்டர்?"

"உங்க மட்கார்டு சரியா இருக்குன்னும் எழுதுவேன். அதுக்கப்புறம் என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருக்குமோ, தெரியாது."

ஆம்ப்ரோஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்தப் பேச்சுக்குள் என்ன இருக்கிறது என்று இப்போது அவர் காந்தம் வைத்துத் தேடுவதுபோல் இருந்தது.