நிற்க வேண்டிய இடம்

கான்சிடைன் வீட்டுச் சமையலறையில் ஒரே ஒரு மெட்டை வாசித்துவிட்டு நிறுத்தியவர் என்று ஒருவரும் கிடையாது. ரீல் என்கிற ஆட்ட மெட்டு ஒன்று முடிகிற மூச்சிலேயே அடுத்த ரீல் தொற்றிக்கொள்ளும். எதற்கு எது ஜோடி என்பதெல்லாம் கல்யாணம் மாதிரி, எப்போதோ முடிவாகிப்போன சமாசாரம். நெசா அப்படித்தான் கற்றாள். சனிக்கிழமைகளில் அப்பா ஃபின்டன் ஃபிடிலை எடுப்பார், அத்தை பிரீடி குழலை எடுப்பாள். கான்சர்ட்டினா என்கிற அந்தச் சின்னத் துருத்திப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இவள் அவர்கள் பின்னாலேயே ஓடுவாள்.

நெசா முதன்முதலாகப் போகவிருந்த போட்டிக்கோ சட்டம் வேறு. ஒரு மெட்டு, இரண்டு சுற்று, அத்தோடு நிறுத்த வேண்டும். அடுத்ததற்குள் காலை வைத்தால் வாசித்தது அத்தனையும் வீண்.

இதில் பயம் நெசாவுக்கு அல்ல, அவள் அம்மா டெர்வ்லாவுக்கு. டப்ளினிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஒரு ஊதலைக்கூட ஊதத் தெரியாதவள். கிளேர் மாவட்டத்தின் அந்த மூலையில் அது லேசுப்பட்ட குறையா என்ன! முதல் போட்டியில் வெறுங்கையோடு திரும்பிய பிள்ளை எங்கள் குடும்பத்தில் கிடையாது என்று பிரீடி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நெசா சறுக்கினால் பழி யார் தலையில் விடியும் என்று டெர்வ்லாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எங்க வீட்டு ரத்தம்தான் அவ கையில ஓடுது, பயப்படாத," என்றாள் பிரீடி, சோடா ரொட்டியில் வெண்ணெயை அப்பிக்கொண்டே. "டப்ளின் ரத்தம் வேற எங்கயாச்சும் போயிருந்தா சரி."

"உங்க வீட்டுக் கைதான் அண்ணி. அதான் நிறுத்துன்னா நிக்க மாட்டேங்குது."

இருவரும் சிரித்தார்கள். டெர்வ்லாவின் சிரிப்பு உதட்டோடு சரி.

பள்ளி விட்டு வந்ததும் அம்மாவும் மகளும் அடுப்படி மேசையில் உட்காருவார்கள். போட்டிக்கு எடுத்தது 'மழைக்கு முந்தின வைக்கோல்' என்கிற ரீல். அதன் ஜோடி 'சிவப்புக் கிடாரி'. இரண்டாம் சுற்று முடிகிற இடத்தில் நெசாவின் விரல்கள் வழுக்கிக்கொண்டு கிடாரிக்குள் போய்விடும்.

"ஐயோ, நான் போகலம்மா! விரல்தான் போகுது!" என்று விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"சிரிக்காத. போட்டியில போய்ச் சிரி பாப்போம்."

டெர்வ்லா தலையை ஆட்டிப் பார்த்தாள், விரலைத் தூக்கிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. ஒரு நாள் பொறுமை போய், சரியாக அந்த இடத்தில் உள்ளங்கையால் மேசையில் ஓங்கி ஒரு அறை விட்டாள். கோப்பைகள் குதித்தன. நெசா நின்றாள். கத்தியால் வெட்டினாற்போல, நிற்க வேண்டிய இடத்தில்!

டெர்வ்லாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாளும் அறைந்தாள், அதற்கடுத்த நாளும். மெதுவாகத் தட்டினால் குழந்தை கிடாரிக்குப் போய்விடுவாள், அதனால் ஓங்கியே அறைந்தாள். போட்டி நெருங்கியபோது அறையே வேண்டியிருக்கவில்லை. கையைத் தூக்கினால் போதும், நின்றுவிடுவாள். சிரிப்பும் நின்றிருந்தது. அதை டெர்வ்லா கண்டும் காணாதவள் போல எழுந்து போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.

பால் கறந்துவிட்டு வந்த ஃபின்டன் கதவருகில் நின்று கேட்டார்.

"என்னடி இது, பிள்ள தோளு காத வந்து தொடுது?"

"கவனமா வாசிக்கிறா. நீ போய் மாட்டப் பாரு."

போட்டி நாளன்று மழை. பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் நனைந்த கோட்டுகளின் வாடை அடித்தது. மாதாவே, நிறுத்தினால் போதும், வேறொன்றும் கேட்க மாட்டேன் என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டு டெர்வ்லா பிரீடியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நடுவர் மணியை அடித்தார். கால் தரையில் எட்டாத நாற்காலியில் நெசா ஏறி உட்கார்ந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக வாசித்தாள். முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது பாதி தாண்டியது. அந்த இடம் நெருங்கியது. டெர்வ்லாவுக்கே தெரியாமல் அவள் வலது கை மடியிலிருந்து மேலே எழும்பியது.

நாற்காலியில் இருந்த குழந்தை அந்தக் கையைப் பார்த்தாள். தோள் காது வரை ஏறியது. கண்ணை இறுக மூடி, அடி விழப்போகிற பிள்ளை போல முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, மெட்டை முடித்தாள். சரியான இடத்தில் நிறுத்தினாள்.

கைதட்டல் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. நடுவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அவள அடிக்கிறியா, டெர்வ்லா?" பிரீடியின் குரலில் கேலி துளியும் இல்லை.

"ஐயையோ, இல்ல அண்ணி! மேசைய... மேசையத்தான்."

பிரீடி எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

இரண்டாம் பரிசு. வீடு வந்ததும் ஃபின்டன் பதக்கத்தை ஜன்னலோரம் மாட்டிவிட்டு ஃபிடிலை எடுத்தார். "வாடி என் ராசாத்தி, இப்ப நம்ம இஷ்டத்துக்கு வாசிப்போம்!"

அப்பா, அத்தை, நெசா மூவரும் வைக்கோலைத் தொடங்கினார்கள். டெர்வ்லா தேநீர்ப் பாத்திரத்தோடு மேசையருகில் நின்றாள். அந்த இடம் வந்தது. ஃபிடிலும் குழலும் துள்ளிக்கொண்டு கிடாரிக்குள் போயின. கான்சர்ட்டினா நின்றுவிட்டது. நெசாவின் கண் அம்மாவின் கை மேலேயே இருந்தது.

"போ கண்ணு, இப்ப போலாம். அம்மா ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"அங்கதானம்மா நிக்கணும்," என்றாள் நெசா.

டெர்வ்லா பாத்திரத்தை வைத்துவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். மறுபடி தொடங்கினார்கள். மறுபடி அங்கேயே நின்றாள். தான் இருப்பதால்தான் என்று நினைத்து, அழுகையை அடக்கிக்கொண்டு டெர்வ்லா வெளியே முற்றத்துக்குப் போய் மழையில் சுவரோரம் நின்றாள். உள்ளே மூன்றாம் தடவை தொடங்கியது. அந்த இடம் வருகிறது என்று அவளுக்கு இப்போது நன்றாகவே தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஃபிடில் போனது, குழல் போனது. கான்சர்ட்டினா போகவில்லை.