காதைப் பிடிச்சுக்கோ

என் தங்கை லட்ரீஸுக்கு வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. கேட்காமலே கிடைத்தது. நானும் என் வீட்டுக்காரரும் எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டு தடவை வந்தது, தங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வயிற்றெரிச்சலை மறைத்தால் இந்தக் கதையில் பாதி பொய்யாகிவிடும்.

மெம்ஃபிஸில் ஒரு முடி அலங்காரக் கடையில் பதினைந்து வருடமாக வேலைக்கு நிற்கிறேன். எங்கள் கறுப்பினப் பெண்களின் சுருட்டை முடியை நேராக்கி மூன்று மாதம் அப்படியே நிறுத்தும் கெரட்டின் மருந்துக்கு என் நாற்காலிதான் பேர் போனது. வியாழக்கிழமை லட்ரீஸ் வந்து அதில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை அவளுக்கு பேபி ஷவர்.

"அக்கா, கெரட்டின் போட்டு விடு. ஃபோட்டோவுல முடி தோள்ல விழணும்."

"அது வேண்டாம்டி. சூடு பட்டா ஃபார்மால்டிஹைட்னு ஒரு கெட்ட புகை வரும், வயித்துப் புள்ளைக்கு ஆகாது. சூட்டுச் சீப்புல இழுத்து விடறேன்."

"வேர்த்தா சுருண்டுக்குமே. பாட்டில்லயே ஃபார்மால்டிஹைட் இல்லைன்னு போட்டிருக்கு, பாரு."

"பாட்டில் ஆயிரம் சொல்லும். சூடு காட்டினப்புறம் வர்றதை மோந்து பாக்கறது நான்தானே."

கண்ணாடியில் என்னை முறைத்தாள். "நான் அழகா இருந்துடக் கூடாது, அதானே? உனக்குப் பொறாமைக்கா."

அத்தனை டிரையர் ஓடியும் கடை முழுக்கக் கேட்டது. எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

அது கேமிலுடையது. வேலைக்குப் புதுசு, யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள். எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. அடுத்தவள் நாற்காலியில் உட்கார்ந்த தலையைத் தொடக்கூடாது, அதைப் பற்றி வாயும் திறக்கக்கூடாது. அன்று அந்தச் சட்டம் எனக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது. உன் பிள்ளை, உன் பாடு என்று துண்டுகளை மடித்தேன். போர்த்திய துணிக்கு அடியில் அவள் வயிறு மேடாகத் தெரிந்தது. எனக்கு அது வேண்டும் என்றிருந்தது. அவளுக்கு இருக்கக்கூடாது என்றும் ஒரு நிமிடம் இருந்தது.

கேமில் மருந்தின் மூடியைத் திறந்தாள். வாசனை வந்தது.

என் பிள்ளைகள் இரண்டும் இந்த வாசனைக்குள்தான் இருந்தன. ஒரு நாளைக்கு நாலு தலை, ஜன்னலை மூடிக்கொண்டு, முகமூடி இல்லாமல். அதனால்தான் போனதா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பாட்டிலைப் பிடுங்கி, மூடிபோட்டு, பின்கதவுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன்.

"பைத்தியமாக்கா உனக்கு?"

"பொறாமைதான். உன்னைப் பார்த்தா தினமும் வயிறு எரியுது. ஆனா ரெண்டு தடவையும் நான் இந்தப் புகையிலதான்டி நின்னேன்."

புகையைப் பற்றிய இந்தச் சந்தேகம் அவளுக்குத் தெரியாது. டாக்டரைத் தவிர நான் யாரிடமும் சொன்னதில்லை. கேமில் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். லட்ரீஸ் எழுந்து என் நாற்காலிக்குத் திரும்பி வந்தாள்.

சீப்பைச் சூடேற்றினேன். "காதைப் பிடிச்சுக்கோ."

சின்ன வயதில் ஈஸ்டருக்கு முந்தின நாள் அடுப்பில் சீப்பை வைத்து நான்தான் அவளுக்கு முடி இழுத்து விடுவேன். சுட்டுவிடாமல் இருக்க ஒரு கையால் காதை மடித்துப் பிடித்துக்கொள்வாள். இப்போதும் பிடித்தாள். இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது.

சனிக்கிழமை மழை. கேக் வெட்டுவதற்குள் முடி மொத்தமும் சுருண்டுவிட்டது.

"யாரும்மா பண்ணிவிட்டது இது?" என்று அவள் மாமியார் முகத்தைச் சுளித்தாள்.

"எங்க அக்கா," என்றாள் லட்ரீஸ். "அழகாத்தான் இருக்கு, விடுங்க."

பிள்ளை உதைக்கிறதென்று ஒவ்வொருவராக வந்து அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார்கள். அவள் என்னைத்தான் தேடினாள். நான் தொடவில்லை. சமையலறையில் நின்று கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். எரிச்சல் அப்படியேதான் இருந்தது.