பனி பெய்யாத ருஷ்யா

பக்கோடாப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்து, டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, ஷரீஃபுன்னிசா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். இனி ருஷ்யாவுக்குப் போக வேண்டியதுதான்.

அரிசி ரேஷனை எடுத்துவிட்ட வருஷம் அது. அவள் புருஷன் காஜா மொய்தீன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வேலை விட்டதும் சங்கத்துப் படிப்பகத்தில் உட்கார்ந்து ஒரு தடித்த ருஷ்ய நாவலில் கொஞ்சம் படிப்பான். ராயபுரம் மார்க்கெட் முனையில் பக்கோடா வாங்கிக்கொண்டு வந்து, படித்ததை அவளுக்குச் சொல்வான். புத்தகத்தை வீட்டுக்குத் தரமாட்டார்கள். தந்தாலும் அவளுக்கு அரபி ஓதத் தெரியுமே தவிர, தமிழில் ஓரெழுத்து தெரியாது. அந்த ஊர்ப் பெயர்கள் மொய்தீன் வாயில் நுழையாததால், கதாநாயகி மரியம் ஆகிவிட்டாள், சண்டைக்குப் போன அவள் புருஷன் இபுறாகீம் ஆகிவிட்டான். எழுதியவர் பெயர் மட்டும் என்ன வாழ்ந்தது? முதல் பக்கத்துப் படத்தில் நெஞ்சு வரை தாடியாம், அதனால் தாடிக்காரர். பனி என்றால் என்ன என்று அவள் கேட்டதற்கு, மீன் பெட்டியில் போடுகிற ஐஸை யாரோ வானத்திலிருந்து வாரி இறைத்துக்கொண்டே இருப்பது என்று சொல்லியிருந்தான். அன்று போர்வைக்குள் படுத்துக்கொண்டு அவள் அந்தக் குளிரை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

ஆனால் கொஞ்ச நாளாகக் கதையில் பனி இல்லை. இபுறாகீம் சண்டையிலிருந்து முழுசாகத் திரும்பிவிட்டான். ரயிலடி பக்கத்தில் டீக்கடை வைக்கப்போகிறான். சாயங்காலமானால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே காற்று வாங்குகிறான். மரியமோ, 'எண்ணெ நாத்தம் அடிக்குது, துணிய மாத்திக்கினு வந்து படு' என்கிறாள். அதற்கு முந்தின வாரம் ஷரீஃபுன்னிசா மொய்தீனிடம் சொன்னதே அதுதான், ஒரு வார்த்தை பிசகவில்லை. கள்ளன், என்னைத் தூக்கிப் புத்தகத்தில் போட்டுவிட்டான் என்று அவளுக்குள் சிரிப்பு பொங்கியது. ஆனாலும் மூச்சு விடவில்லை. சொன்னால் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வான். பொழுது விடிவதே இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் என்று இருக்கிறவளுக்கு, அதுவும் போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

இன்றைக்கு அவன் பக்கோடாவைத் தொடவே இல்லை. டீயில் ஆடை படிந்தது.

"இன்னாங்க, ஒடம்பு சரியில்லியா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மே." தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "புக்கு பைண்டிங்லேந்து வந்துடுச்சி. தேசப்பன் இன்னிக்குத்தான் எடுத்தாந்து வச்சான்."

தேசப்பன் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறவன். ஆக, இத்தனை நாளும் புத்தகமே அங்கே இல்லை. இனி மறைத்து என்ன பிரயோஜனம்?

"நடுவுல சொன்னதெல்லாம் உங்க சரக்கு. எனக்குத் தெரியும்."

அவன் நிமிர்ந்தான். "எப்பிடி?"

"பனியே பேயலியே. ருஷ்யால ஒருத்தன் சட்டய கய்ட்டிப் போட்டுட்டு காத்து வாங்கிகினு கீறான்."

மொய்தீன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். காது மடல் சிவந்துவிட்டது. "அப்பவே சொல்லக்கூடாதா?"

"சொன்னா நிறுத்திடுவீங்க."

கையை எடுத்துவிட்டு, "புக்குல அவன் செத்துட்டான் மே," என்றான். "பனியில வெறச்சி. அது தெரியாம நான் கட வச்சிக் குடுத்துகினு இருந்திருக்கேன்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க. அந்தத் தாடிக்காரரு எய்தினபடியே. ஒண்ணும் வுடக்கூடாது."

அவன் சொன்னான். இபுறாகீம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தபடியே உறைந்து போனது, அவன் மடியில் பனி ஏறியது, சேதி வந்து சேராமல் மரியம் தினமும் இரண்டு பேருக்கு ரொட்டி சுட்டு வைத்தது எல்லாவற்றையும் சொன்னான். ஷரீஃபுன்னிசா வாய்விட்டு அழுதாள். அவனுக்கும் குரல் உடைந்தது. பக்கத்து வீட்டு அடைக்கலமேரி எட்டிப் பார்த்து, ருஷ்யாதான் என்று தெரிந்ததும் போய்விட்டாள்.

"படுபாவி மனுசன்," என்றாள் ஷரீஃபுன்னிசா, மூக்கைச் சிந்திவிட்டு. "நல்லாத்தான் எய்திக்கீறாரு."

"ஆமாம் மே. நம்பளால முடியாது."

பக்கோடா ஆறிப் போயிருந்தது. மொறுமொறுப்பாக இருந்த துண்டுகளைப் பொறுக்கி அவன் பக்கம் தள்ளினாள்.

"சரி, அது அவரு ஊட்டு இபுறாகீமு. நம்ம ஊட்டு இபுறாகீமு காலையில கடய தெறந்தானா இல்லியா?"

மொய்தீன் அவளையே பார்த்தான். வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்கைகளை உயர்த்தி, இபுறாகீமின் டீக்கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாகச் சாத்தத் தொடங்கினான்.