பாதிப் பெட்டி

பண்ணையிலிருந்து வாரந்தோறும் வரும் காய்கறிப் பெட்டிக்கு இரண்டு வீடுகள் பங்காளிகள்: அவள் வீடும் அவளுடைய நாத்தனார் வீடும். வாரத்துக்கு ஒருத்தியாக முறைவைத்து இரண்டு கூறாகப் பிரிக்க வேண்டும். எந்தக் கூறு வேண்டும் என்பதை மற்றவள் முதலில் சொல்ல வேண்டும். முன்பொருமுறை ஒற்றைக் காலிஃபிளவருக்காக இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, அவள் கணவன் சிரித்துக்கொண்டே வகுத்த வழக்கம் அது. வழக்கம் நிலைத்தது, வகுத்தவன் நிலைக்கவில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் வேறொருத்தியோடு வெளியூர் போய்விட்டான்.

அந்தக் குடும்பத்தில் அவளுக்கு எஞ்சியவை புதன்கிழமை மாலைகள் மட்டுமே. பெட்டியைச் சுமந்து மூச்சிரைக்க மாடியேறி வரும் நாத்தனார், பிரிக்கும் சாக்கில் உட்கார்ந்து ஊர்வம்பெல்லாம் பேசிவிட்டுப் போவாள். காய் வீணாகிறது என்று தெரிந்தால் பெட்டி நின்றுவிடும்; பெட்டி நின்றால் அந்த வருகையும் நின்றுவிடும். ஆகவே ஒற்றை ஆளால் தின்று தீராத பங்கோடு அவள் வாரம் முழுவதும் மல்லுக்கட்டினாள். காரட் தழை சூப்புக்குப் போயிற்று. முட்டைக்கோசின் நடுத்தண்டு மெல்லிய வில்லைகளாகி உப்புநீரில் ஊறியது. பட்டாணித் தோல்கூட வெந்து வடிகட்டப்பட்ட பிறகே குப்பைக்குப் போனது. மிஞ்சியதை, தான் பல்செட் செய்யும் கூடத்துக்கு எடுத்துப்போனாள். அங்கே மெழுகு உருக்கும் கூட்டாளி டப்பாவைத் திறந்து பார்த்து, "இன்னிக்கும் தழையா? இன்னும் ஒரு மாசம் போனா எனக்கு வால் முளைச்சுரும்," என்பான்.

எவ்வளவு நியாயமாகப் பிரித்தாலும் ஒரு கூறு சற்றுத் தாழ்ந்தே நிற்கும். அண்ணன் போன நாளிலிருந்து, எடுக்கும் முறை வந்தபோதெல்லாம் நாத்தனாரின் கை அந்தத் தாழ்ந்த கூறுக்கே போயிற்று. முற்றிய நூல்கோலும் வெடித்த தக்காளியும் அவள் பைக்குத்தான். அண்ணன் செய்ததற்குத் தங்கை கட்டும் அபராதம் அது என்பது இவளுக்குப் புரிந்தது. உறுத்தினாலும் வாய் திறக்கவில்லை.

இந்தப் புதன்கிழமை பிரிக்கும் முறை இவளுடையது. இருந்த ஒரு பிடி இளம்பட்டாணியை ஒரு பக்கமும், நார் ஏறிய முள்ளங்கியை மறுபக்கமும் வைத்தாள்.

"என்ன, இன்னிக்கு வாய்க்குப் பூட்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. படி ஏறின களைப்பு."

"சரி, எடு. உன் கை எங்க போகும்னு எனக்குத் தெரியாதா?"

நாத்தனாரின் கை முள்ளங்கிவரை போய்த் தயங்கியது. பிறகு பட்டாணி இருந்த கூறைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"அட, இப்பத்தான் உனக்குப் பிழைக்கத் தெரிஞ்சிருக்கு! வீட்டுக்கு யாரு விருந்தாளி?" என்று கேட்டுச் சிரித்தாள் இவள்.

நாத்தனார் பையின் வாயை முடிச்சிட்டாள், அவிழ்த்தாள், மறுபடி முடிச்சிட்டாள். சிரிப்பு இவள் முகத்திலேயே காய்ந்துபோனது.

"எப்ப வந்தாங்க?"

"ஞாயித்துக்கிழமை. வீடு கிடைக்கிற வரைக்கும்னு... கூடப் பொறந்தவன் அண்ணி. வாசல்ல வந்து நிக்கிறவன் மூஞ்சில கதவைச் சாத்தவா முடியும்?"

"நான் சாத்தச் சொன்னேனா?"

"அவ மாசமா இருக்கா. எதைத் தின்னாலும் வாந்தி. பட்டாணி மட்டுந்தான் உள்ள தங்குது."

இவள் தன் கூறிலிருந்து ஒரு காரட் கட்டை எடுத்துப் பட்டாணிப் பையின் மேல் வைத்தாள். பெருந்தன்மை ஒன்றுமில்லை, கைக்கு ஏதாவது வேலை தேவைப்பட்டது.

"அடுத்த வாரத்துலேர்ந்து பெட்டி முழுசா எங்க வீட்டுக்கே வரட்டும்னு அண்ணன் சொல்றான். உங்களுக்கும் தனியா இவ்வளவு..."

"நான் எதையும் வீணாக்கினதில்லையே."

"தெரியும். உங்களைக் குறை சொல்லல. காய் இல்லன்னா நான் வராம போயிருவேனா?"

வருவாள். ஒரு முறை வருவாள். பண்டிகையோ நோயோ வந்தால் இன்னொரு முறை. காரணமில்லாமல் மாடியேற யாருக்குக் கால் வரும்?

நாத்தனார் வாசலில் நின்று செருப்பை மாட்டினாள். கண்கள் கலங்கியிருந்தன.

"வரட்டுமாக்கா?"

வாய் தவறி வந்த சொல்லாகத் தெரியவில்லை. அண்ணி என்று கூப்பிட அந்த வீட்டில் இப்போது இன்னொருத்தி இருக்கிறாள். இருவரையும் ஒரே சொல்லால் அழைக்க நாத்தனாருக்கு மனம் ஒப்பவில்லை. அன்போடுதான் மாற்றியிருந்தாள். ஆனால் பேருந்தில் நகர்ந்து உட்காரச் சொல்லும் முகமறியாதவளும் அக்கா என்றுதான் அழைக்கிறாள்.

"பாத்து இறங்கு," என்றாள் இவள். இனி அவளைத் தான் என்னவென்று அழைப்பது என்று தெரியாமல், அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.